வேங்கிக்காலுக்கு வராமல் போன மழை

திருவண்ணாமலைக்குப் பாதிப் பேர் சாமி கும்பிடப் போகிறார்கள், மீதிப் பேர் மலை சுற்றப் போகிறார்கள். ஆவணி கடைசியில் நான் போனது கல்யாணச் சாப்பாட்டுக்கு. கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவள் மெஹருன்னிசா. அவளுடைய ஒரே மகள் அஃப்ரீனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை கல்யாணத்துக்கு வியாழக்கிழமையே வந்து சேராவிட்டால் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று மெஹரு போனில் மிரட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என்னுடைய இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குரோம்பேட்டையில் பூகோளம் நடத்தும் டீச்சர். மழைப் பைத்தியம். மற்றவர்கள் காலையில் எழுந்ததும் ராசிபலன் பார்ப்பார்கள், நான் மேல்காற்று வரைபடம் பார்ப்பேன். எங்கே மழை பெய்யும் என்று தோன்றுகிறதோ அங்கே போய் நனைந்துவிட்டு வந்து இங்கே எழுதுவேன். "இதுக்கெல்லாம் ஒரு பொழப்பா" என்று என் மாமியார் கேட்பதுண்டு. இந்தத் தடவை நனையப் போகவில்லை, நனையாமல் இருக்கவேண்டிய ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அதுதான் வினையாகிவிட்டது.

கிளாம்பாக்கத்திலிருந்து காலை பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக நாலரை மணி நேரம், டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். செஞ்சியில் கோட்டை தெரியும் பக்கம், அதாவது வலது பக்க ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் வலது பக்கத்தில் இருப்பவரின் காதைத்தான் பார்த்துக்கொண்டு வரவேண்டும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து ரயிலும் இருக்கிறது, டிக்கெட்டும் ரொம்பக் கம்மி. ஆனால் அதில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் சீக்கிரம் போய் நிற்கவேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஆட்டோக்காரர் வேங்கிக்காலுக்கு நூற்றைம்பது கேட்டார். நூற்றிருபதுக்கு வந்தார். வரும்போதே மலையைக் காட்டி, "மலை எவ்ளோ கிட்டத் தெரியுது பாருங்க மேடம். இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கி, மழை கன்ஃபார்ம்" என்றார். கலெக்டர் ஆபீஸ் எதிரே டீ குடிக்க நிறுத்தினோம். அதே மலையைப் பார்த்து டீக்கடைக்காரர், "மலை இவ்ளோ க்ளியரா கீது, எங்க மழை வரப்போவுது" என்றார். இந்த ஊரில் வானிலை என்றால் மலையைப் பார்ப்பதுதான். ஆளாளுக்கு ஒன்று படிப்பார்கள், எல்லோருமே அடித்துச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெஹருவின் கணவர் பஷீர் அண்ணனுக்கு ஊருக்குள் ஹார்டுவேர் கடை. தாத்தா காலத்திலிருந்து இரும்பு வியாபாரம். சில வருடம் முன்னால்தான் வேங்கிக்காலில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். பக்கத்து மனை இன்னும் காலியாகக் கிடக்கிறது. அந்த மனையில்தான் பந்தல், சமையல், பந்தி எல்லாம். மண்டபம் எடுக்காததற்குக் காரணம், மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. திடீரென்று லீவு கிடைத்து, திடீரென்று பேசி, மூன்று வாரத்தில் கல்யாணம். எந்த மண்டபமும் காலியில்லை.

சனிக்கிழமைக்குப் போட்டிருந்த திட்டம் இது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மசூதியில் நிக்காஹ். ஏழு மணிக்குப் பந்தி. பந்தி எல்லாம் முடிந்து பத்து மணி வாக்கில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டாரோடு அனுப்பி வைப்பது. மாப்பிள்ளை ஊர் ஆலங்காயம், ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கத்து அடிவாரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வலிமா, அதாவது மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் விருந்து. திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மெஹரு எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். "வீடு பூரா ஜனம்டி சுமதி. பத்து நாளா எம்பொண்ணுகிட்ட உக்காந்து ஒரு வார்த்தை பேசல. சனிக்கிழமை நிக்காஹ் முடிஞ்சதும் ஆம்பளைங்க எல்லாம் பந்தியைப் பாக்கப் போயிடுவாங்க. அந்த நேரம் மாடி ரூம் கதவைச் சாத்திட்டு நானும் அவளும் மட்டும் உக்காரப் போறோம். யார் தட்டினாலும் தெறக்க மாட்டேன். பத்து மணி வரைக்கும் அவ என் பொண்ணு." சொல்லிவிட்டு கிளிப்பை அழுத்திக் குத்தினாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் மறந்துபோனேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பஷீர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "தெனம் சாயந்தரமானா மானம் இருட்டிக்கிட்டு வருதும்மா. நீங்க சொல்லுங்க. சனிக்கிழமை மழை வருமா, வராதா?" பின்னால் சமையல் மாஸ்டர் நின்றார். அவர் கவலை வேறு. "அக்கா, அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி சொன்னா எடத்தை மாத்திக்கலாம். தம் போட்டப்புறம் மழை வந்தா அண்டாவத் தூக்கிட்டு நான் எங்க ஓடுறது?"

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மலைப்பக்கம் மழை பார்க்கப் போகிறவர்கள் இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

வானத்தை மூன்று மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்மாடியில் இந்த மாதங்களில் மேற்குக் காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கே கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஜவ்வாது மலை மாதிரி ஒன்று குறுக்கே நின்றால் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இது மட்டும் இருந்தால் பெரும்பாலும் தூறலோடு போய்விடும்.

மேல்மாடி பன்னிரண்டு, பதினாலு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடும். அது ஓரிடத்தில் அகன்று பிரிந்து போனால், அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று எழும்பி வந்துகொண்டே இருக்கும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட மாதிரி. கீழே மலை தள்ளுகிறது, மேலே ஃபேன் இழுக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் அமைந்தால்தான் மலையில் கொட்டித் தீர்க்கும். மலை எப்போதும் அங்கேயே இருக்கிறது, ஆனால் தினமும் அடைமழை இல்லை அல்லவா? மேலே ஃபேன் என்றைக்கு ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடுமாடி என்பது மூன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர். உருவான இடிமேகம் எந்தப் பக்கம் நகரும் என்று முடிவு செய்வது அங்கே அடிக்கும் காற்று. அது வடமேற்கிலிருந்து அடித்தால், ஜவ்வாதில் பிறந்த மேகம் கலசபாக்கம் வழியாகச் சாயங்காலம் திருவண்ணாமலைக்கு வந்து நிற்கும். காற்று அசையாமல் கிடந்தால் மேகமும் பிறந்த இடத்திலேயே நின்று, மொத்தத்தையும் மலையிலேயே ஊற்றிவிடும்.

சனிக்கிழமைக்கான வரைபடத்தில் மூன்று மாடியும் பளிச்சென்று இருந்தது. மேலே ஃபேன், கீழே ஈரம், நடுவில் நல்ல வடமேற்குக் காற்று. "ஆறிலிருந்து எட்டுக்குள்ள இங்க நல்ல மழை அண்ணா. பந்தலைப் புடுங்கிடும். மதியத்துக்கு மாத்திக்குங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது.

பஷீர் அண்ணன் அரை நிமிஷம் யோசித்தார். பிறகு வீடே போனை எடுத்தது. காலை பதினொன்றுக்கு நிக்காஹ், ஒரு மணிக்குப் பந்தி. ஆலங்காயத்துக்குச் சொன்னார்கள், மசூதிக்குச் சொன்னார்கள், சொந்தக்காரர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள். பந்தல்காரர், பூக்காரர், ஐஸ்கிரீம்காரர் ஒருவரும் விடுபடவில்லை. சைவம் சாப்பிடும் அக்கம்பக்கத்தாருக்குத் தனியாகச் சமைக்கும் ஐயர்கூட அதிகாலையிலேயே வந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு ராஜ மரியாதை. குலாப்ஜாமூன் இரண்டு தரம் வந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. விடியும் முன்பே கோயிலுக்குப் போனேன். அந்த நேரத்தில் கூட்டம் கம்மி, நின்று நிதானமாகப் பார்க்கலாம். பிறகு கிரிவலப் பாதையில் நடந்தேன். முழுச் சுற்று பதினாலு கிலோமீட்டர். அடி அண்ணாமலை வந்ததும் கால் கெஞ்சியது. அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, இந்தப் பக்கத்துப் பேர். கடலை போட்ட கொல்லை காய்கிறது, ஒரு மழை வந்தால் நல்லது என்றார். நாளைக்கு வரும் என்றேன். "உன் வாய்க்கு சக்கரை போடணும்மா" என்று இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. ஒரு மணிப் பந்தியில் வெயில் பந்தல் துணியைத் தாண்டி மண்டையைப் பிளந்தது. சாப்பிட்டவர்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து எழுந்தார்கள். ஐஸ்கிரீம் கரண்டியில் நிற்கவில்லை. ஆனால் பிரியாணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சோறு கண்ட இடத்துக்குத் துரோகம் செய்தவளாவேன். சீரகச் சம்பா, விறகடுப்பு, பஞ்சு மாதிரி கறி. மூன்றாவது தரம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தேன், மறைத்த கை மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசிப் பந்தி எழுந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நல்ல மனுஷி. மெஹருவின் தோளில் கைவைத்து மெதுவாகக் கேட்டார். "சம்பந்தி, மலை ரோடு. வெளிச்சம் இருக்கறப்பவே பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பட்டுங்களா?"

மெஹருவின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். பந்தி முடிந்தால் பெண்ணை அனுப்புவதுதான் இவர்கள் வழக்கம். பந்தியை ஆறு மணி நேரம் முன்னால் இழுத்தால் அதுவும் ஆறு மணி நேரம் முன்னால் வரும். நாங்கள் அண்டாவுக்கு யோசித்தோம், பந்தலுக்கு யோசித்தோம், ஐஸ்கிரீமுக்குக்கூட யோசித்தோம். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மெஹருவுக்கே உறைக்கவில்லை. காலையிலிருந்து அவள் வாசலுக்கும் சமையலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள், மாடி ரூம் பக்கம் போகக்கூட இல்லை.

மூன்று மணிக்கு அஃப்ரீன் காரில் ஏறினாள். தலைக்கு மேல் குர்ஆனைப் பிடித்து, பாத்திஹா ஓதி, எல்லாம் முறைப்படி நடந்தது. "அம்மி, நாளைக்கு வந்துடு, சீக்கிரம் வந்துடு" என்று ஜன்னல் வழியாக மெஹருவின் விரலைப் பிடித்துக்கொண்டே போனாள் அந்தப் பெண். கார் வேலூர் ரோட்டில் திரும்பும்வரை மெஹரு கையை இறக்கவில்லை.

நாலு மணி. ஐந்து. ஆறு. நான் மாடியில் நின்று வானத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். கடவுளே, ஒரு தூறலாவது போடு என்று நான் இப்படி வேண்டிக்கொண்டதே கிடையாது. போனில் புதிய வரைபடம் வந்தது. நடுமாடியில் அடிக்கவேண்டிய வடமேற்குக் காற்று படுத்துவிட்டிருந்தது. சின்னதாக ஒரு சுழற்சி எதிர்பார்த்த இடத்திலிருந்து தள்ளிப்போய் உட்கார்ந்ததில், ஜவ்வாதுக்கு மேலே காற்றே இல்லை. மேல்மாடி ஃபேன் மட்டும் மலைக்கு நேர் உச்சியில் ஓடிக்கொண்டிருந்தது. மேகம் ஒரு அடி நகரவில்லை. வடமேற்கே கறுப்பாக எழுந்து நின்று, உள்ளுக்குள்ளேயே மின்னிக்கொண்டிருந்தது.

மெஹரு மாடிக்கு வந்தாள். பிரிக்காத பந்தலையும் காய்ந்த தரையையும் பார்த்தாள். "ஒரு பொட்டுத் தண்ணி விழலியேடி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடி ரூமுக்குள் போனாள், கட்டிலில் அஃப்ரீனின் பழைய துப்பட்டா கிடந்தது, அதை மடித்தாள், மறுபடி பிரித்து மடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என் மேல்தான் மெஹரு என்றேன். "சும்மா இரு, நீ என்ன பண்ணுவ" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் அஃப்ரீனிடமிருந்து போன். வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் மலையிறங்கும்போதே பின்னாலேயே மழை பிடித்துவிட்டதாம், அப்படி ஒரு மழையை அவள் பார்த்ததே இல்லையாம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி எங்கேயோ பாறை விழுந்து ரோடு அடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். மழை என்றாலே இப்போது திருவண்ணாமலையில் எல்லோருக்கும் புயல் சமயத்தில் மலையடிவார வீட்டைப் புதைத்த மண்சரிவு ஞாபகம்தான் வருகிறது. பஷீர் அண்ணன் என்னைப் பார்த்து, "உங்களாலதான்மா புள்ளைங்க முன்னாடியே போய்ச் சேந்தாங்க" என்றார். நான் இல்லை அண்ணா, நான் சொன்னது இங்கே வரும் என்று, அது தப்பு என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிறு காலை வலிமாவுக்குக் கிளம்பினோம். பஷீர் அண்ணன் முன் சீட்டில், மெஹருவும் நானும் பின்னால். டிரைவர் ஏழுமலை, போளூர் பக்கத்துக்காரர். ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் மலை வழியே போனார். மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் சுமாராக. வளைவுகள் நிறைய, வாந்தி வருகிறவர்கள் வயிற்றை அரை காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறுநாள் ஜவ்வாது மலையை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். எங்கே பார்த்தாலும் தண்ணீர் இறங்கும் சத்தம். சாமை வயல்கள் பச்சைப்பசேலென்று சாய்ந்து கிடந்தன. பலா மரங்கள் கழுவிவிட்டது போல நின்றன. வேங்கிக்காலுக்கு வரவேண்டிய மழையும் கலசபாக்கத்துக்கு வரவேண்டிய மழையும் அடி அண்ணாமலை அம்மா கேட்ட மழையும் எல்லாம் இங்கேயே இறங்கியிருந்தது. கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு அந்த மலையின் மேல் ஆசைதான் வந்தது.

ஜமுனாமரத்தூர் தாண்டிய ஒரு வளைவில் ஏழுமலை வண்டியை நிறுத்தினார். ரோட்டோரம் ஒதுக்கித் தள்ளிய சேற்று மேடு, அதில் எங்கள் கார் அளவுக்கு ஒரு பாறை. "இதாங்க பாய். நேத்து அஞ்சரைக்கு விழுந்துச்சாம். விடிகாலைலதான் எடுத்தாங்க" என்றார். மெஹரு இறங்கி, பாறையைக் கையால் தொட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னதால நல்லது நடந்துச்சிடி. ஒத்துக்கறேன். புள்ளைங்க நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஆனா அந்தச் சாயந்தரம் போயிடுச்சில்ல? இனிமே எப்ப பாப்பேன் அவள? ரெண்டு வருஷம் கழிச்சி லீவுக்கு வருவா. அப்ப அவ விருந்தாளி." கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

ஆலங்காயத்தில் பெரிய வீடு, பெரிய விருந்து. அஃப்ரீன் புதுப்பெண் என்பதையெல்லாம் மறந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அங்கேயும் ஜனம். ஒருவர் மாற்றி ஒருவர் பெண்ணைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். தாயும் மகளும் அறையின் இரண்டு மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

சாப்பிடும்போதே நான் வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். நடுமாடியில் நேற்றுப் போலவே காற்று படுத்திருந்தது, மேல்மாடியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குள் மலையில் மேகம் கட்டும், நாலு மணிக்குக் கொட்டும். இப்போதே கிளம்பினால் தாண்டிவிடலாம். வாய் நுனிவரை வந்துவிட்டது. எதிரே மெஹரு, சாப்பிடாமல் மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தால்ச்சா கேட்டேன்.

மூன்று மணிக்கு மலை தெரியவில்லை, கறுப்பாகிவிட்டது. நாலு மணிக்குள் இடி. பஷீர் அண்ணன் வாசலுக்கு வந்து, மலை ரோடு இனி வேண்டவே வேண்டாம் என்றார். அதில் எனக்கும் சந்தேகமே இல்லை. அப்போதுதான் ஏழுமலை அந்த வார்த்தையைச் சொன்னார். "கீழ ரோட்டுல போயிடலாங்க பாய். திருப்பத்தூர், செங்கம் வழியா. இருபது கிலோமீட்டர் ஜாஸ்தி, அவ்ளோதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரைபடத்தில் அந்தப் பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக இந்தப் பக்கத்தை நடத்துகிறேன், தப்பாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் தெரிந்தே பொய் சொன்னதில்லை. "அந்தப் பக்கமும் மழைதான் அண்ணா. செங்கம் கிட்ட ரொம்ப ஜாஸ்தி. காலையில போறதுதான் நல்லது" என்றேன்.

ஏழுமலை என்னைத் தனியாகப் பிடித்தார். "மேடம், செங்கத்துல என் மச்சான் இருக்கான். இப்பதான் பேசினேன். வெயில் அடிக்குதாம்."

"இப்ப அடிக்கும்ங்க. மேல காத்து மாறுது."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்ட மெஹருவைப் பார்த்தார். "மேல காத்துங்களா... சரிங்க. மாறுதுன்னா மாறட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

விருந்தாளிகள் மழைக்குப் பயந்து சீக்கிரமே கலைந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தானே முன்வந்து, அம்மாவும் பொண்ணும் இங்க இருங்க என்று உள்ளறையைக் காட்டினார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே மழை ஊற்றியது. நான் கூடத்தில் உட்கார்ந்து யாருடைய குழந்தையோடோ கேரம் ஆடித் தோற்றேன். உள்ளேயிருந்து ஒரு நேரம் பேச்சு கேட்டது, ஒரு நேரம் சிரிப்பு, ஒரு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் திறந்தார்கள். அஃப்ரீனின் தலை எண்ணெய் வைத்து வழவழவென்று பின்னியிருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. திருவண்ணாமலையில் சாதாரண நாளில் ஆயிரத்து இருநூறுக்கு நல்ல அறை கிடைக்கும், பௌர்ணமியில் அதே அறைக்கு வாயில் வந்ததைக் கேட்பார்கள். ஆவணி, புரட்டாசியில் ஜவ்வாது மலை ஏறுவதென்றால் காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். முதல் நாள் பெருமழை என்றால் ரோட்டைப் பற்றி உள்ளூரில் விசாரிக்காமல் போகவே வேண்டாம். வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள் நடுமாடிக் காற்றைக் கிளம்பும் அன்றைக்கு மறுபடி பாருங்கள், இரண்டு நாள் முன்னால் பார்த்ததை நம்பி ஊரையே புரட்டிப் போடாதீர்கள். இந்தக் கடைசி அறிவுரை எனக்கு நானே சொல்லிக்கொள்வது. மெஹருவிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பஷீர் அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்பது ஒரு தைரியம்.

திங்கள் காலை கீழ் ரோட்டில் திரும்பினோம். திருப்பத்தூர் தாண்டியதும் வெயில். செங்கம் நெருங்க நெருங்க எங்கள் காருக்குப் பின்னால் புழுதி பறந்தது. ரோட்டோரப் பள்ளங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் என் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழுமலை கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

பஷீர் அண்ணன் ஜன்னலை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, நேத்து இங்க ரொம்ப மழைன்னு சொன்னீங்க. மண்ணு கூட நனையலியே?"

மெஹரு என் கையைப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா பெஞ்சிதுங்க," என்றாள். "காஞ்சி போயிருக்கும்."